மொட்டை போட்டா நான் பையனா ஆயிடுவேனா? சின்னப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது

தைப்பூசம் முடிந்த மறுநாள் எங்கள் பாலர் பள்ளிக்கு ஒரு நாலு வயதுப் பெண் பிள்ளை மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து நின்றாள். ஈப்போ கல்லுமலைக் கோயிலில் முடி இறக்கியிருந்தார்கள். சிலிப்பரைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நான் இப்போ பையனா?" என்றாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உதடு துடித்தது. பின்னால் நின்ற பாட்டி சிரித்துக்கொண்டே, "ஆமாண்டா ராஜா, இனிமே நீ பையன்தான்" என்று சொல்ல, அவ்வளவுதான், பிள்ளை ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் 14 வருடமாகப் பாலர் பள்ளி நடத்துகிறேன். செம்பனைத் தோட்டத்து லயங்களிலிருந்தும் பக்கத்துத் தாமான்களிலிருந்தும் (குடியிருப்புப் பகுதிகள்) 4 முதல் 6 வயது வரையான பிள்ளைகள் வருகிறார்கள். இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். ஒரு பையன் பூ வைத்துவிடச் சொல்வான், ஒரு பெண் பிள்ளை தன்னை 'தம்பி' என்று கூப்பிடச் சொல்வாள். அப்புறம் ஒரு நாள் அம்மாவோ அப்பாவோ எல்லாரும் போன பிறகு வந்து, குரலைத் தாழ்த்தி, "டீச்சர், இவன் 'அப்படி' ஆயிடுவானா?" என்று கேட்பார்கள். பிள்ளை கேட்பது ஒன்று, நாம் பயப்படுவது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பாமல் இருப்பதுதான் இதில் முதல் வேலை, பெரிய வேலையும் அதுதான்.

பிள்ளைக்கு எந்த வயதில் என்ன தெரியும்

இரண்டு, இரண்டரை வயதில் பிள்ளை 'நான் பையன்', 'நான் பாப்பா' என்று சொல்லக் கற்றுக்கொள்கிறது. ஆனால் அது நமக்கு இருப்பதுபோல் ஒரு நிலையான விஷயம் இல்லை, சட்டையில் குத்திய பெயர் அட்டை மாதிரி. லாரன்ஸ் கோல்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-இல் இதைப் படிப்படியாக விளக்கினார். முதலில் பெயர் ஒட்டுவது. அப்புறம், மூன்றரை நாலு வயதுவாக்கில், பையன் வளர்ந்தால் அப்பா மாதிரி ஆவான், பெண் வளர்ந்தால் அம்மா மாதிரி ஆவாள் என்று காலத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்வது. கடைசியாக, 5 முதல் 7 வயதுக்குள், முடியை வெட்டினாலும் உடுப்பை மாற்றினாலும் ஆள் மாறுவதில்லை என்பது பிடிபடுவது. வயதைக் கறாராக எடுத்துக்கொள்ள வேண்டாம், பிள்ளைக்குப் பிள்ளை முன்னே பின்னே இருக்கும். என் மொட்டைப் பாப்பா இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவளுடைய பயம் நியாயமான பயம், அவள் கணக்குப்படி முடி போனால் பெண்ணும் போச்சு.

சாண்ட்ரா பெம் என்ற இன்னொரு உளவியலாளர் தன் மகனைப் பற்றி எழுதியதை நான் பெற்றோர் கூட்டத்தில் சொல்லாமல் விடுவதில்லை. அந்தப் பையன் பாலர் பள்ளிக்குத் தலையில் கிளிப் குத்திக்கொண்டு போனானாம். கூடப் படித்த ஒருவன் 'நீ பொண்ணு, பொண்ணுங்கதான் கிளிப் போடுவாங்க' என்று விடவே இல்லை. இவன் 'எனக்கு ஆணுறுப்பு இருக்கு, நான் பையன்தான்' என்று சொல்லிப் பார்த்து, கடைசியில் கால்சட்டையை இறக்கியே காட்டிவிட்டான். அதற்கு மற்றவன் அசரவில்லை, 'அது எல்லாருக்கும்தான் இருக்கு, கிளிப் பொண்ணுங்க மட்டுந்தான் போடுவாங்க' என்றானாம். நாலு வயது உலகம் அப்படித்தான் ஓடுகிறது. அங்கே சட்டம் உடம்பில் இல்லை, கிளிப்பில் இருக்கிறது.

இன்னொன்று. 5, 6 வயதில் பிள்ளைகள் திடீரென்று போலீஸ்காரர்களாக மாறுவார்கள். பிங்க் பாட்டிலில் மைலோ குடித்தால் பொண்ணு, லாரி ஓட்டினால் பையன் என்று ஒருவரையொருவர் பிடித்து விசாரிப்பார்கள். இப்போதுதான் விதியைக் கற்றுக்கொண்ட சூட்டில் அதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள், ஏழெட்டு வயதுக்கு மேல் பெரும்பாலும் தானாகத் தளர்ந்துவிடும். அதனால் 'என் வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லையே, இவனுக்கு இது எங்கிருந்து வந்தது' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

நாமே எவ்வளவு குழப்புகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். மகளை 'வாடா கண்ணா', 'என் ராஜா' என்கிறோம். மகனை 'என் அம்மால்ல, சாப்பிடும்மா' என்கிறோம். ஆண் குழந்தைக்கு ஒரு வயதில் பாவாடை சட்டை போட்டு, பூ வைத்து, கன்னத்தில் பெரிய பொட்டு வைத்துப் படம் எடுத்து, சட்டம் போட்டு ஹாலில் மாட்டியும் வைக்கிறோம். அதே பையன் நாலு வயதில் அக்காவின் பாவாடையைக் கட்டினால் மட்டும் வீடே ஆடிப்போகிறது! அதோடு நம் பிள்ளைகள் மூன்று மொழிக்குள் வளர்கிறார்கள். மலாயில் 'டியா' என்றால் ஆணும்தான் பெண்ணும்தான், தமிழில் அவன் அவள் என்று பிரிக்க வேண்டும். தமிழிலேயும் 'நான் வந்தேன்' என்று சொல்லும்போது ஆணா பெண்ணா என்று தெரியாது. ஒரு பிள்ளை அம்மாவை 'அவன் வந்துட்டான்' என்று சொன்னால் அது இலக்கணத் தடுமாற்றம். அதில் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

சரி, கேட்டால் என்ன செய்வது

உங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. பிள்ளை வார்த்தையைவிட முகத்தைத்தான் முதலில் படிக்கிறது. சிரிப்பும் வேண்டாம், திடுக்கிடவும் வேண்டாம். 'இன்னைக்கு என்ன சோறு' என்று கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வீர்களோ அந்த முகம் போதும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பாலர் பள்ளி தொடங்கிய இரண்டாம் வருடம் தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்கு ஒத்திகை. ஐந்து வயதுப் பையன் ஒருவன் பெண் பிள்ளைகளின் சிகப்புப் பாவாடையை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். அழகாகத்தான் சுற்றினான், பாவாடை குடை மாதிரி விரிந்தது. நான் வாய்விட்டுச் சிரித்து, போனை எடுத்துப் படம் பிடித்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் நாற்பது சிரிப்பு முகங்கள், நடுவில் ஒரு மாமா எழுதிய கேவலமான ஒரு வார்த்தை. மறுநாள் பையன் வந்தான், ஆனால் வேஷப் பெட்டி பக்கமே போகவில்லை, அந்த வருடம் முழுக்கவே போகவில்லை. நிகழ்ச்சியன்று மேடையில் மற்றவர்கள் ஆட, இவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு அந்தப் பாவாடை சுழல்வதுதான் பிடித்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், நான் கேட்கவில்லை.

ஆக, கேளுங்கள். ஆனால் 'ஏன்டா அப்படிச் சொல்றே?' என்று கேட்காதீர்கள். நாலு வயதுக்கு 'ஏன்' என்பது திட்டு மாதிரி கேட்கும். நான் கேட்பது இப்படி: "பையனா இருந்தா என்னென்ன செய்வே, சொல்லு." பதில் வரும், பல நேரம் ஆச்சரியமான பதில். 'நான் பையன்' என்று ஒரு வாரமாகச் சாதித்துக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை சொன்னது: "அண்ணன் மாதிரி தாத்தாகூட மோட்டார்ல முன்னாடி உக்காந்து போவேன். கோழிக் கால் எனக்குத்தான் தருவாங்க. தட்டு கழுவ வேணாம்." இதில் பாலின அடையாளம் எங்கே இருக்கிறது, வீட்டு அநியாயம்தான் இருக்கிறது. அவள் அம்மாவிடம் சொன்னேன், கோழிக் காலை ஒரு வாரம் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள் என்று. தங்கச்சி பிறந்த பிறகு 'நானும் பாப்பா' என்று கவுன் கேட்ட பையனும் உண்டு, அவனுக்கு வேண்டியிருந்தது கவுன் இல்லை, மடி.

பதிலைச் சின்னதாக வையுங்கள். மொட்டைப் பாப்பாவை நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் போனேன். "இது யாரு?" பெயரைச் சொன்னாள். "நேத்து யாரு?" அதே பெயர். "முடி போனா ஆளு போயிடுமா? முடி வளரும், நீ நீதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையைத் தடவிப் பார்த்தாள், அப்புறம் இறங்கிப் போய் மணலில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவுதான் தேவைப்பட்டது. அரை மணி நேர விளக்கம் பிள்ளைக்கு இல்லை, நம் பதற்றத்துக்குத்தான்.

உடம்பைப் பற்றிக் கேட்டால் உடம்பைப் பற்றியே பதில் சொல்லுங்கள். 'தம்பிக்கு மட்டும் ஏன் அது இருக்கு' என்றால், பையன் உடம்பு அப்படி, பெண் உடம்பு இப்படி, இரண்டும் சரிதான், உள்ளாடை மறைக்கும் இடத்தை மற்றவர் தொடக்கூடாது, தொட்டால் என்னிடம் சொல்ல வேண்டும். உறுப்புக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்வதில் தப்பில்லை. 'ச்சீ, வெட்கம்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் நாளைக்கு நிஜமாகவே சொல்ல வேண்டிய விஷயம் வந்தாலும் பிள்ளை வாயைத் திறக்காது.

பையன் கியூடெக்ஸ் கேட்டால்? நான் ஒரு விரலில் போட்டுவிடுவேன். வீட்டில் எதிர்ப்பு இருந்தால் 'இங்க போடுவோம், போகும்போது துடைப்போமா' என்று அவனையே கேட்பேன். அதை ரகசியமாக்குவதில்லை, பெற்றோரிடமும் சொல்லிவிடுவேன், ஏனென்றால் பிள்ளைக்கு 'இதை மறைக்கணும்' என்று கற்றுக்கொடுக்கும் வேலை எனக்கு வேண்டாம். விளையாட்டும் நிறமும் உடுப்பும் ஒரு பிள்ளையை எதுவாகவும் மாற்றுவதில்லை. பொம்மைக்குச் சோறூட்டும் பையன்களில் மிகப் பெரும்பாலோர் வளர்ந்து பொம்மைக்குச் சோறூட்டிய ஆண்களாகத்தான் இருக்கிறார்கள், அவர்களுடைய பெண்டாட்டிகள் கொடுத்துவைத்தவர்கள்.

எப்போது கூடுதலாகக் கவனிப்பது

பால் என்பது பிறந்தபோது உடம்பைப் பார்த்து எழுதியது. பிள்ளையின் அடையாள அட்டையான மைகிட்டில் கடைசி இலக்கம் ஒற்றைப்படையென்றால் ஆண், இரட்டைப்படையென்றால் பெண். பாலின அடையாளம் என்பது தன்னைத் தான் உள்ளுக்குள் யாராக உணர்கிறோம் என்பது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே போகும், சிலருக்குப் போகாது. அப்படிப்பட்டவர்களில் சிலர் அதை மூன்று நாலு வயதிலேயே சொல்கிறார்கள், சிலருக்கு வயதுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது, சிலர் சின்ன வயதில் சொல்லிவிட்டு வளர வளர வேறு மாதிரிப் போகிறார்கள். யார் எந்தப் பக்கம் போவார் என்று நாலு வயதில் டீச்சராலும் சொல்ல முடியாது, சாமியாடியாலும் சொல்ல முடியாது. யாரோடு ஜோடி சேர ஆசை என்பது இதிலிருந்து தனியான விஷயம், அதை இந்த வயதில் இழுக்கவே வேண்டாம்.

நான் மூன்று விஷயத்தைப் பார்ப்பேன்: விடாமல் சொல்கிறதா, அழுத்திச் சொல்கிறதா, எல்லா இடத்திலும் ஒரே மாதிரிச் சொல்கிறதா. 'பையனா இருந்தா நல்லாருக்கும்' என்பதும் 'நான் பையன்தான், நீங்கதான் தப்பா சொல்றீங்க' என்பதும் வேறு வேறு. வீட்டிலும், பள்ளியிலும், பாட்டி வீட்டிலும், காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் மாதக்கணக்கில் அதையே சொன்னால், குளிக்கும்போது தன் உடம்பைப் பார்த்து அழுதால், 'இது எப்போ விழும்' என்றோ 'எனக்கு எப்போ முளைக்கும்' என்றோ திரும்பத் திரும்பக் கேட்டால், உடுப்பு மாற்றுவதே தினசரிப் போராட்டமாக ஆனால், கவனிக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், பிறந்த பாலும் உள்ளுணர்வும் ஒத்துப்போகாத இந்த நிலையை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துப் பாலியல் நலப் பகுதியில் வைத்துவிட்டது. பிள்ளைகள் விஷயத்தில் ஏறக்குறைய 2 வருடம் தொடர்ந்து இருந்தால்தான் அந்தப் பெயரையே வைக்கலாம், விளையாட்டையும் விருப்பத்தையும் மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்றும் அதிலேயே சொல்கிறது. 2 வருடம்! நம் ஆட்களோ ஒரு கல்யாண வீட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்லிவிடுகிறார்கள்.

மருந்து, ஊசி, ஆபரேஷன் என்று யாராவது பயமுறுத்தினால், வயதுக்கு வராத பிள்ளைக்கு இதற்காக அப்படி எதுவும் கொடுப்பதில்லை என்று சொல்லுங்கள். மருத்துவர்களுக்குள் நடக்கும் பெரிய வாக்குவாதம் வயதுக்கு வரும் பிள்ளைகளைப் பற்றியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-இல் பிள்ளை சொல்லும் அடையாளத்தை ஆதரித்து நடக்கச் சொன்னது, பிரிட்டனில் டாக்டர் ஹிலாரி கேஸ் 2024-இல் கொடுத்த அறிக்கை மருந்து விஷயத்தில் நிதானம் கேட்டது. நாலு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சண்டை தேவையில்லை. காது கொடுத்துக் கேள், கேலி செய்யாதே, அடிக்காதே என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. 'நாலு போட்டா சரியாயிடும்' என்று சொல்பவர்கள் இந்த ஊரில் நிறைய. மந்திரித்துக் கயிறு கட்டுபவர்களும் உண்டு. அடி வாங்கிய பிள்ளை சொல்வதை நிறுத்தும், நினைப்பதை நிறுத்தாது. சொல்வதை நிறுத்திய பிள்ளையை வைத்துக்கொண்டு 'சரியாப் போச்சு' என்று நினைக்கும் பெற்றோரைத்தான் எனக்குப் பார்க்கப் பயமாக இருக்கும்.

ஊர் வாய்

தோட்டத்தில் ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். அந்தக் காலத்தில் ஆயாக் கொட்டகையில் ஒரே ஆயாதான் எல்லாப் பிள்ளையையும் பார்ப்பார், எந்தப் பிள்ளை எப்படி என்று தோட்டம் முழுக்கத் தெரியும். இப்போது அந்த வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. அதனால் பிள்ளை சொன்னதைச் சிரிப்புக் கதையாக யாரிடமும் சொல்லாதீர்கள், சொந்தத் தங்கையிடம்கூட. பெரியம்மா 'என்ன இவன் பொட்டப்புள்ள மாதிரி' என்று ஆரம்பித்தால் அங்கேயே, பிள்ளை காதில் விழும்படி, "அவனுக்குப் பிடிச்சிருக்கு பெரியம்மா, விளையாடட்டும்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கலக்கப் போய்விடுங்கள். விவாதம் வேண்டாம். பெரியம்மாவைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை, பிள்ளை தன் அம்மா யார் பக்கம் என்று தெரிந்துகொண்டால் போதும்.

'பொண்டான்', 'ஒம்போது' என்று திருநங்கைகளைக் கேலி செய்யும் வார்த்தைகள் என் பள்ளியில் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளை அதைச் சொன்னால் அர்த்தம் தெரிந்து சொல்லவில்லை, வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது, ஆகவே திட்டாமல், "அது ஆளை வலிக்க வைக்கிற வார்த்தை, இங்க வேணாம்" என்கிறேன். சந்தையிலோ கோயில் திருவிழாவிலோ ஒரு திருநங்கையைப் பார்த்து 'அந்த ஆண்டிக்கு ஏன் அங்கிள் குரல்' என்று சத்தமாகக் கேட்டுவிட்டால், வாயைப் பொத்தாதீர்கள். "பிறந்தப்போ பையன்னு சொன்னாங்க, அவங்க தன்னைப் பெண்ணாத்தான் உணர்ந்தாங்க, அதனால ஆண்டி" என்று சொல்லிவிட்டு ஒரு வணக்கமும் வைத்துவிட்டு நகருங்கள். அர்த்தநாரீஸ்வரர் படத்தைப் பூஜையறையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல நமக்கு ஏன் நாக்கு எழவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

முதலாம் ஆண்டு சீருடை இன்னொரு தலைவலி. பினஃபோர் போடமாட்டேன் என்று அடம் பிடிக்கும் பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பிரச்சினை மரம் ஏற முடியவில்லை என்பதுதான். உள்ளே அரைக்கால் சட்டை போட்டுவிட்டால் தீர்ந்துவிடும். டிசம்பர் வரை காத்திருக்காமல் கொஞ்ச நாள் முன்னாலேயே வீட்டில் போட்டுப் பழக்கிப் பாருங்கள். அப்படியும் தீராத அழுகை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே குறிப்பது என்றால், மளிகைக் கடையில் தரும் தேதி கிழிக்கும் காலண்டர் போதும். பிள்ளை என்ன சொன்னது, எங்கே, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, தூங்கியதா சாப்பிட்டதா என்று ஒரு வரி, கிழித்த தாளின் பின்பக்கம். உங்கள் அபிப்பிராயத்தை எழுத வேண்டாம், பிள்ளையின் வார்த்தையை அப்படியே எழுதுங்கள். மாதக்கணக்கில் தாள் சேர்ந்தால், அல்லது பிள்ளை சாப்பிடாமல் தூங்காமல் வாடிப்போனால் மாதத்தை எண்ணாமல் உடனே, அரசாங்க கிளினிக்கான கிளினிக் கேசிஹாத்தானுக்குக் கொண்டு போங்கள். 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டணம். தேவைப்பட்டால் அங்கிருந்து பெரிய மருத்துவமனைக் குழந்தை மருத்துவருக்கோ மனநல மருத்துவருக்கோ கடிதம் தருவார்கள். உங்களுக்கே மனசு தாங்கவில்லை என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555, பிள்ளையை யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் தாலியான் காசே உதவி எண் 15999.

கிளினிக்கில் பதிவு செய்யும் முகப்பில் விஷயத்தைச் சொல்லாதீர்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் உங்கள் லயத்துக்காரராகத்தான் இருப்பார். 'பிள்ளை வளர்ச்சி பற்றி டாக்டர்கிட்ட பேசணும்' என்றால் போதும். முதல் தடவை முடிந்தால் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள், தாள்களை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு.